அஞ்சம்மாள் பெயரில் ஒரு வரி

போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. பழைய சர்வரில் இருப்பதையெல்லாம் எங்கோ தொலைவில் இருக்கும் வாடகைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். 'துண்டு' என்று ஒரு டேபிள், அதாவது தகவல் அட்டவணை, இருக்கிறது, அதன் முதல் வரியில் ஒரு பெயரும் ஒரு களத்தின் பெயரும் மட்டும்தான் இருக்கின்றன, ஈரப்பதம் இல்லை, எடை இல்லை, புது இடத்தில் அது ஏறமாட்டேன் என்கிறது, அழித்துவிடலாமா மேடம், யாருடையது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அழிக்கலாம், அழிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் யாருடையது என்ற கேள்விக்கு ஒரு வார்த்தை போதாது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரி. அப்பா லுத்தரன் திருச்சபைப் பள்ளியில் ஆசிரியர். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் சென்னைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம் அது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் துக்க வீட்டுக்குப் போனாலும் விசா பேச்சுதான். நான் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கவில்லை. அதில் தியாகம் ஒன்றும் கிடையாது. எனக்கு விமானம் என்றால் பயம்.

வியாபாரத்துக்குக் கதவுகளைத் திறந்துவிட்டோம் என்று டெல்லியில் சொன்ன பிறகு, வெளியூர் முதலாளிகள் அரிசி ஏற்றுமதிக்காக எங்கள் பக்கம் வந்து நெல் வாங்கத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒரு தனியார் நிறுவனத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. டெல்டா முழுக்க அவர்களுக்கு நெல் வாங்கும் களங்கள் இருந்தன. ஒவ்வொரு களத்திலும் ஒரு கணினி. எல்லாக் கணினிகளும் தொலைபேசிக் கம்பி வழியாகத் தஞ்சாவூரில் இருந்த ஒரே டேட்டாபேஸோடு பேசும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சொல்லும்போது பெரிதாகத் தெரியும். உண்மையில் நாள் முழுக்கச் செய்தது, புரோகிராம் எழுதுகிறவர்கள் வந்து "மேடம், க்வெரி ஓடலை", "மேடம், கனெக்‌ஷன் கிடைக்கலை" என்று நிற்கும்போது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று தேடிக்கொடுப்பதுதான்.

என் மேலதிகாரி விசுவநாதன் சார். அவரைப்போல ஒருவரிடம் வேலை பார்த்தவர்கள் பாக்கியசாலிகள் என்று இப்போது சொல்கிறேன். அப்போது பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிரச்சினை என்று கூப்பிட்டால் அவசரப்படாமல் வருவார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பார். கீபோர்டைத் தொடமாட்டார், நம்மையும் தொட விடமாட்டார். முதலில் கேள்விதான்.

குமரேசன் என்று ஒரு பையன்தான் களத்துப் புரோகிராமை எழுதியவன். கெட்டிக்காரன். விவசாயியின் பெயரைத் தட்டினால் அவர் சாகுபடி செய்யும் நிலம் திரையில் வரவேண்டும். அலுவலகத்தில் சோதித்தபோது கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. களத்தில் போட்டால், விவசாயி டீ குடித்துவிட்டு வந்த பிறகும் திரை வெறுமையாகவே நின்றது. கணினி பத்தாது, பெரியதாக வாங்க வேண்டும் என்றான் குமரேசன்.

"இந்தக் கேள்விக்கு எத்தனை வரி பதில் வரணும்?" என்று கேட்டார் சார்.

"ஒரு வரி சார். மிஞ்சிப்போனா நாலு."

"எத்தனை வருது?"

"நாலுதான் சார் வருது. டிஸ்டிங்க்ட் போட்டிருக்கேன்."

ஒரே மாதிரி வருகிற வரிகளை ஒன்றாக்கிக் காட்டு என்று கணினிக்குச் சொல்லும் வார்த்தை அது. சார் அதை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னார். திரையில் வரிகள் கொட்டத் தொடங்கின, நிற்கவே இல்லை. விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி கூட்டுப்பட்டா. ஒரே பட்டாவில் பெரியப்பா, சித்தப்பா, சிங்கப்பூரில் இருக்கிற மச்சான், செத்துப்போன தாத்தா எல்லார் பெயரும் இருக்கும், சர்வே எண்ணும் வண்டிவண்டியாக இருக்கும். குமரேசனின் கேள்வி, அதாவது க்வெரி, ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு சர்வே எண்ணோடும் ஒவ்வொரு போகத்தோடும் ஜோடி சேர்த்து மலையாகக் குவித்துவிட்டு, பிறகு குனிந்து நாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அவன் சோதித்துப் பார்த்ததோ டவுன் பட்டாக்களை வைத்து. டவுனில் பட்டாவுக்கு ஒரு பெயர்.

"டிஸ்டிங்க்ட் போடணும்னு கை போச்சுன்னா, ஏன் போச்சுன்னு கேளுங்க குமரேசன்," என்றார். அவ்வளவுதான் திட்டு. சாகுபடி செய்கிறவர் யார் என்பதற்குத் தனியாக ஒரு குறியீடு வைத்து, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி அதன்மேல் ஓர் இண்டெக்ஸ் போட்டதும் டீ குடிக்க நேரமில்லாமல் போனது.

சாருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஏதாவது ஓர் இணைப்பு சிக்கிக்கொண்டு மற்றவர்களை மறித்தால் அதைத் துண்டிப்பது எங்கள் வேலையில் சாதாரணம். எங்கள் பாஷையில் அதற்குப் பெயரே 'கொல்' என்பதுதான். ஓர் எண்ணைத் தட்டினால் போதும். சார் அதற்கு ஒப்பமாட்டார். அந்த இணைப்பின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் யார், என்ன செய்துகொண்டிருக்கிறார், துண்டித்தால் அவர் எதை இழப்பார், மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "யாரோடதும்மா அது?" என்பார். நம்பரைச் சொன்னால், "நம்பர் கேக்கலை" என்பார். போன் செய்து கேட்டுவந்து சொன்ன பிறகுதான் சரி என்று தலையாட்டுவார். இப்போதெல்லாம் சும்மா இருக்கிற இணைப்பை அதுவாகவே வெட்டிவிடும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. நல்லதுதான், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அதை முதன்முதலில் இயக்கியபோது, யாரோடது என்று எனக்குள் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன்.

குமரேசன் அமெரிக்காவுக்குப் போன வருஷம், குறுவை அறுவடை சமயத்தில் அந்தச் சிக்கல் வந்தது. களங்களிலிருந்து போன் மேல் போன். கனெக்‌ஷன் கிடைக்கவில்லை. டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் இத்தனை பேரைத்தான் உள்ளே விடும் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைக் கூட்டினோம். ஒரு பொழுது நன்றாக ஓடியது. மறுபடியும் நிரம்பியது. இன்னும் கூட்டினால் நினைவகம் தீர்ந்து சர்வரே திணறியது.

"வாசலை அகலப்படுத்தினது போதும். உள்ள இருக்கறவங்க என்ன பண்றாங்க?" என்றார் சார்.

பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. எல்லா இணைப்புகளும் பாதிப் பதிவோடு சும்மா நின்றன. அதிலும் பெரும்பங்கு மன்னார்குடிப் பக்கம் வெண்ணாற்றங்கரைக் களத்தினுடையது. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

களத்தில் நான் பார்த்தது இது. நெல்லை அறுத்துக் கொண்டுவந்து, முறை வரும்வரை திறந்தவெளியில் அம்பாரமாகக் கொட்டிவைத்திருக்கிறார்கள். கணினியில் ஈரப்பதம் பதிவானால் நெல் நிறுவனத்தினுடையது, கொட்டகைக்குள் போய்விடும். அதுவரை அது விவசாயியின் நெல், வானத்தின் கீழ்தான். வரிசையில் ஆள் நிற்பதில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊர் அல்லவா, இங்கேயும் துண்டு, அரிவாள், ஒற்றைச் செருப்பு என்று வரிசை நீண்டிருந்தது. அதை யாரும் தாண்டமாட்டார்கள். அது மரியாதை.

கணினியில் உட்கார்ந்திருந்த செல்வம் அதே மரியாதையைத் திரையிலும் காட்டிக்கொண்டிருந்தான். யாராவது வந்து சொல்லிவிட்டுப் போனால் அவர் பெயரில் ஒரு பதிவைத் திறந்து வைத்துவிடுவான். சாக்கு வாங்கப் போனவர், ஆள் கூப்பிடப் போனவர், ஈரப்பதம் பார்த்துவிட்டு எடைக்குக் காத்திருப்பவர், எல்லாருக்கும் ஒரு ஜன்னல். குமரேசனின் புரோகிராம் பதிவைத் திறந்ததும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், 'சேமி' அழுத்தினால்தான் விடும். சென்னையிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து இதை யாரும் யோசித்திருக்க முடியாது. கணினித் திரையில் துண்டு போடுவார்கள் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அஞ்சம்மாளை அங்கேதான் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். அவர் வீட்டில் தலைமுறையாக மற்றவர் வயலில் நடவு நட்டவர்கள். அவர்தான் முதல்முதலாகச் சொந்தமாகக் குத்தகை எடுத்துப் பயிர் வைத்தவர். ஒண்டி ஆள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவருடைய அம்பாரம் களத்தின் ஓரத்தில் இருந்தது. ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னார். நறுக்கென்று உடைந்தது.

"காஞ்சிருச்சாம்மா?"

"நல்லாக் காஞ்சிருக்குங்க."

"நாளைக்கு எம் மொறை. செல்வம் தம்பி, நாளைக்கு விடிஞ்சதும் எம் பேரப் போட்ரு. நான் படுதா ஒண்ணு இரவல் கேட்டு வச்சுக்கறேன். கெழக்க கருக்கல் கட்டுது."

"போட்ருவேன்க்கா. நீங்க கவலப்படாதீங்க," என்றான் செல்வம்.

அன்றிரவே தஞ்சாவூர் திரும்பிவிட்டேன். மறுநாள் முற்பகலில் எல்லாம் அடியோடு நின்றது. ஒரு களத்திலும் புதுப் பதிவு திறக்கவில்லை. கடலோரத்தில் மழை தொடங்கிவிட்டது, நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து மேகம் உள்ளே வருகிறது என்று ஒவ்வொரு களமும் கத்தியது. மேலிடத்திலிருந்து ஒரே உத்தரவு: சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடு.

நிறுத்தினால் சேமிக்காத எல்லாப் பதிவும் போய்விடும். ஈரப்பதம் பார்த்தது பார்க்காததாகிவிடும். சார் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் குரல் உயரவே இல்லை. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். எதிர்முனையின் குரல்தான் அறை முழுக்கக் கேட்டது.

பாதிப் பதிவைச் சேமிக்க வேண்டுமானால் எடை வேண்டும். எடை பூஜ்யம் என்றால் புரோகிராம் ஏற்காது. அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருந்த குமரேசனை எழுப்பினேன். "ஒரு மூட்டைன்னு போட்டா ஏத்துக்கும் மேடம். ஆனா அது தப்பான எடையாச்சே," என்றான். "அப்புறம் திருத்திக்கலாம். என் பொறுப்புல போடச் சொல்லு," என்றார் சார். நான் களம் களமாகப் போன் செய்தேன். ஈரப்பதம் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு மூட்டை என்று போட்டுச் சேமித்து ஜன்னலை மூடச் சொன்னேன். ஒவ்வொன்றாக இணைப்புகள் விடுபட்டன. கும்பகோணம் பக்கம் மூச்சு விட்டது. பட்டுக்கோட்டைப் பக்கம் மூச்சு விட்டது.

வெண்ணாற்றங்கரை மட்டும் போனை எடுக்கவில்லை. மழையில் கம்பி போய்விட்டது. களத்துக்கும் எங்களுக்கும் தொடர்பே இல்லை, ஆனால் அது போனது டேட்டாபேஸுக்குத் தெரியாது. எதிரில் ஆள் எழுந்து போனது தெரியாமல் இலை போட்டுக் காத்திருக்கிற மாதிரி, செல்வத்தின் அத்தனை இணைப்புகளையும் பிடித்துக்கொண்டு நின்றது. மற்ற களங்களில் விடுபட்ட இடமெல்லாம் உடனே நிரம்பிவிட்டது. இன்னும் எத்தனையோ பேர் வாசலில் நின்றார்கள். செல்வத்தின் இணைப்புகளை வெட்டினால்தான் வழி.

"யாரோடதும்மா?" என்றார் சார்.

சேமிக்காததைப் படிப்பது எங்கள் தொழிலில் தீட்டு மாதிரி. எந்த நேரமும் இல்லாமல் போகக்கூடிய எண் அது, நம்பக் கூடாது என்பார்கள். ஆனால் எங்கள் டேட்டாபேஸில் அதற்கு ஒரு வழி இருந்தது. சார் அனுமதித்தார். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாதிப் பதிவையும் திரையில் கொண்டுவந்து, பெயரையும் ஈரப்பதத்தையும் உரக்கப் படித்தேன். சார் பக்கத்துக் கணினியில் தன் கையாலேயே, எடை ஒரு மூட்டை என்று போட்டு, புதிதாகப் பதிந்தார். அவர் கீபோர்டைத் தொட்டு அன்றுதான் பார்த்தேன். பதிந்து முடித்ததும் பழைய இணைப்பை நான் வெட்டுவேன். பிறகு அடுத்தது.

கடைசியாக வந்தது அஞ்சம்மாள். பெயர் இருந்தது. களம் இருந்தது. ஈரப்பதம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. செல்வம் சொன்ன சொல் தவறாமல் இடம் போட்டிருக்கிறான், ஈரம் பார்க்கும் மீட்டரை வைப்பதற்குள் கம்பி போய்விட்டது.

"சார், நேத்து நானே பார்த்தேன். பல்லுல வச்சுக் கடிச்சேன். நல்லாக் காஞ்ச நெல்லு. ஒரு நம்பர் போட்டுக்கலாம் சார்."

சார் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். பழையபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடையைத் திருத்திக்கலாம்மா. மூட்டை அங்கேயே இருக்கும், மறுபடி நிறுத்துப் பாக்கலாம். ஈரத்த மறுபடி பாக்க முடியாது. யாரும் பாக்காத எண்ண நாம ஒரு தடவ எழுதிட்டா, இப்ப எழுதினமே அத்தனையும் பொய்யாயிரும்."

"அப்ப பேர மட்டுமாவது வைங்க சார்."

"வெறும் பேர வைக்க இதுல எடமில்லயேம்மா."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர் சொன்னது சரி என்று அப்போதும் தெரிந்தது. இருந்தும் அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். "அஞ்சம்மாள், வெண்ணாற்றங்கரை, ஈரம் பார்க்கக் காத்திருக்காங்க, எடுத்தா எடம் போயிரும்," என்று விதிப்படி வாய்விட்டுச் சொன்னேன். அவர் தலையாட்டினார். வெட்டினேன்.

அடுத்த நிமிஷமே சார் ஜீப்பை எடுக்கச் சொன்னார். ஒரு மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். அம்மாபேட்டை தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாலையோரம் முழுக்க ஆட்கள் நெல்லை வாரி மூடிக்கொண்டிருந்தார்கள்.

களத்தில் அஞ்சம்மாள் படுதாவின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையைக் கையால் பிடித்தபடி நின்றார். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. பதிவாகாத நெல்லை உள்ளே விட்டால் வேலை போய்விடும் என்று மறுத்த செல்வம், கடைசியில் தானும் ஓடிவந்து இன்னொரு முனையில் உட்கார்ந்திருந்தான். அம்பாரத்தின் அடியில் தண்ணீர் ஓடியது. சார் நனைந்துகொண்டே போய், மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் நெல் எடுத்து மீட்டரில் வைத்தார். திரும்பத் திரும்ப வைத்தார். ஈரம் எங்கும் வாங்கக்கூடிய எல்லைக்குள் வரவில்லை.

"எம் பேரு இருந்துச்சாம்மா அதுல?" என்று அஞ்சம்மாள் என்னிடம் கேட்டார்.

"இருந்துச்சுங்க."

"தம்பி போட்டேன்னு சொன்னுச்சு. அப்புறம் என்னாச்சு?"

"நான்தாங்க எடுத்தேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். படுதாவை இழுத்து என் பக்கம் நீட்டினார். பிறகு, "இந்த முனையக் கொஞ்சம் புடிம்மா, கை மரத்துப்போச்சு," என்றார். மழை விடும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நெல் முளைவிட்டுவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அறுவடை முடிந்ததும் சார் குமரேசனுக்கு எழுதினார். இடம் போடுவது இந்த ஊர் வழக்கம், அதற்குப் புரோகிராமில் ஓர் இடம் வேண்டும், இணைப்பைப் பிடித்துவைக்காமல் பெயரை மட்டும் எழுதி அந்தக் கணமே சேமித்துவிட வேண்டும், ஈரமும் எடையும் பார்த்த பிறகு அதே வரியில் சேர வேண்டும், கம்பி போனாலும் பெயர் போகக் கூடாது. குமரேசன் அங்கிருந்தே எழுதி அனுப்பினான். டேபிளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தான். 'துண்டு' என்று வைத்தார் சார். அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்று எந்தக் களமும் கூப்பிட்டதில்லை.

அடுத்த குறுவைக்குக் களம் திறக்கும் முன்பு அந்த டேபிளில் முதல் வரியைச் சார் தானே தட்டினார். அஞ்சம்மாள், வெண்ணாற்றங்கரை. பிறகு செல்வத்துக்குப் போன் செய்து, அந்தம்மா வந்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, முதல் இடம் அவருடையது என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன்.

"அக்கா குத்தகையை விட்டுட்டாங்க மேடம். தையிலேயே வீட்டப் பூட்டிட்டு மகன்கிட்ட திருப்பூர் போயிட்டாங்க. பனியனுக்கு நூல் வெட்டுறாங்களாம்."

சாரிடம் வந்து சொன்னேன். அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றார்.

"இருக்கட்டும்மா," என்றார்.

சார் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. நானும் வெளியே வந்துவிட்டேன். எத்தனையோ போகம் அறுத்து, எத்தனையோ பேர் அந்த டேபிளில் இடம் போட்டு, வந்து, நெல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் வரி மட்டும் அப்படியே இருந்திருக்கிறது.

அழித்துவிடலாமா என்று கேட்டவர்களுக்குக் கடைசியில் இன்று காலை பதில் எழுதினேன். அது அஞ்சம்மாளுடையது. இடம் போட்டிருக்கிறார், ஆள் இன்னும் வரவில்லை. வரியைத் தொடாதீர்கள், காலியாக இருப்பதை ஏற்றுக்கொள்ளும்படி உங்கள் புது டேபிளைத் திருத்திக்கொள்ளுங்கள்.